வலஞ்சுழி எந்தப் பக்கம்?

12.8.2009, புதன்
இன்று ஒரு சிறு தவறு. கணக்கில் எங்கோ கூட்டலைக் கழித்தலாக்கிவிட்டேன். எங்கே என்று தெரியவில்லை.

நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்ட அஃப்ஷானுக்கு அது சிறு தவறுதானா என்றும் சந்தேகம். பகலில் மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை, மாலையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பு. ஒளிக்கும் பம்பரம்போல ஒரு சுழற்சி உண்டு. வலஞ்சுழி ஒளியை ஒரு பக்கமும் இடஞ்சுழி ஒளியை மறுபக்கமும் அனுப்புவதற்கென்றே செய்த திரவப் படிகத் தகடு ஒன்றை, ஆசிரியை காந்திமதி இரவல் வாங்கித் தந்திருந்தார். வலஞ்சுழி ஒளி ஜன்னல் பக்கம் போகும் என்றது அஃப்ஷானின் கணக்கு. லேசரின் சிவப்புப் புள்ளியோ வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகலேன்னா தகட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்மா. முப்பட்டகத்தையே ப்ராஜெக்ட்டா பண்ணுங்க" என்றுவிட்டார் ஆசிரியை. பள்ளிக்கூடத்திலேயே செய்து சலித்த முப்பட்டகம்!

மறுநாள் மாலை, கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தாள். விடை மாறவேயில்லை, ஜன்னல் பக்கம்தான். அவள் லேசர் பக்கம் நிற்க, மேசைக்கு அந்தப் பக்கம், திரையை ஒட்டி நின்றிருந்தான் ப்ராஜெக்ட் கூட்டாளி ஜெபகுமார். ஒளிக்குச் சுழற்சி கொடுக்கும் வடிப்பான் அவன் பொறுப்பு. அதன் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் வலஞ்சுழி.

"ஜெபா, வலப்பக்கம்தானே திருப்பின?"

"எத்தினி தபா கேப்ப? கையெழுத்துப் போட்டுத் தரட்டா?"

"கோச்சுக்காத. எனக்கு என் மேலதான் சந்தேகம்."

"உனக்கு உன் பேர் மேலயே சந்தேகம். தோ, பாத்துக்கோ."

திருப்பினான். கைப்பிடி அவளுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்தது.

"அது இடப்பக்கம்!"

"இன்னா நீ? கோவளத்துல சங்கு விக்கற வூட்டுப் பையனுக்கே வலம்புரி சொல்லித் தர்றியா? எங்க நின்னு பாத்தாலும் வலம்புரி வலம்புரிதான்!"

"சங்குக்கு அது சரி. இது கைப்பிடி, ஜெபா! நிக்கற பக்கம் மாறினா வலமும் மாறிடும். லேசர் பக்கம் வந்து பாரு."

மேசையைச் சுற்றி வந்தான். பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ, பேஜார் பண்ணிட்டேனே!"

லேசர் பக்கம் நின்று, வலப்பக்கம் திருப்பினான். வாசல் பக்கப் புள்ளி மங்கி அணைந்தது. ஜன்னல் பக்கம் ஒரு புள்ளி மெல்லச் சிவந்து பளிச்சென்று நின்றது. நம்பாமல் அவளும் திருப்பினாள். புள்ளி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

"மேடம்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

டீ தம்ளரோடு வந்தார் ஆசிரியை. "கணக்கு யாரோடது?"

"எங்க ரெண்டு பேரோட..." என்று இழுத்தாள் அஃப்ஷான்.

"அவளுது மேடம். தப்பு மட்டும் என்னுது."

ஆசிரியை டீயை மறந்து தானே கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று அவரே சொல்லிக்கொண்டார். "தகடு இந்த மாசம் பூரா இங்கதான். போங்க, உருப்படியா எதாவது அளங்க."

ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அஃப்ஷான் எழுதினாள்:

13.8.2009, வியாழன்
கணக்கில் தவறு இல்லை. (எதற்கும் இன்னொரு முறை பார்க்கவும்.)
நாளை: லேசர் பக்கம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, 'இங்கே நின்று திருப்பவும்' என்று எழுத வேண்டும்.