கேட்ட விலையைக் கொடுத்த ஆன்றோ

கல்மண்டபத்தில் அப்பாவின் மளிகை மொத்தக் கடையில் வளர்ந்தவன் ஆன்றோ. புளி மூட்டையைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பது அவனுக்கு அரிச்சுவடிக்கு முன்பே தெரியும். அந்தப் பாவத்தைக் கழுவுகிறவன் போல, மீன் ஊறுகாய் கம்பெனி ஆரம்பித்ததும் நியாயமான தொழில் பற்றி எழுதத் தொடங்கினான். அது இப்போது புத்தகமாகிறது. முதல் அத்தியாயம்: 'மீன்காரி கேட்கும் விலையைக் கொடு.'

எழுதியபடியே நடந்துகொண்டான். காசிமேட்டு மீன் சந்தையில் கூடை போட்டிருக்கும் செல்லம்மா சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுத்து வஞ்சிரம் வாங்கினான். ஒரு வாரம் போனது. இன்று அவனைக் கண்டதும் அவள் கூடையை மூடிவிட்டாள்.

"உனக்கு மீன் இல்ல. போய்க்கினே இரு."

கிறிஸ்துமஸ் ஊறுகாய் ஆர்டருக்கு ஆன்றோ அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. செல்லம்மா முகம் திருப்பினால் பக்கத்துக் கூடைகளும் திறக்காது.

"ஏன்க்கா, கேட்டதத்தானே குடுத்தேன்?"

"அதான் பேஜாரு! 'கம்மியா கேட்டுட்டியாடி'ன்னு பக்கத்துக் கூடக்காரிங்க ஒரே சிரிப்பு. சரின்னு ஏத்திச் சொன்னா, அதையும் குடுக்கிற. நான் இன்னா, கோயில் வாசல்லயா குந்திக்கினுகீறேன், நீ தர்மம் பண்ண?"

ஆன்றோவுக்குள் இருந்த மளிகைக் கடை திறந்துகொண்டது. குனிந்து கூடையின் மூடியை விலக்கி, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்தான்.

"சரி, இது எவ்ளோ?"

சொன்னாள்.

"இதுக்கா? ஐஸ்ல கெடந்து சளி புடிச்சிருக்கு. பாதி தர்றேன்."

செல்லம்மா முகம் மலர்ந்து பக்கத்துக் கூடைக்காரியைக் கூப்பிட்டாள். "பாதியா! ஏய் அம்மு, கேட்டியாடி? துடிக்கிற மீனப் பாத்து இன்னா சொல்றான் பாரு!"

"துடிக்கிறது மீனில்லக்கா, உங்க வாய்."

கூட்டம் கூடிவிட்டது. அவன் கோபித்துக்கொண்டு போவது போலப் போனான். அவள் திட்டியபடியே திரும்பக் கூப்பிட்டாள். காலை மீன் ஏலத்தின் விலையை வைத்து நியாயம் என்று அவன் மனதில் போட்டிருந்த விலைக்கு வந்ததும் பேரத்தை நிறுத்திக்கொண்டான். அப்பாவாக இருந்தால் இன்னும் இறக்கியிருப்பார்.

செல்லம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கை நெத்திலியைக் கொசுறாக அள்ளிப் போட்டாள். "நாளைக்கும் வா நைனா. வாயோட வா."

வீட்டில் மனைவி ஷெர்லின் நெத்திலியை ஆய்ந்து வறுத்தபடியே முழுக் கதையும் கேட்டாள். "அப்போ மொத அத்தியாயத்தக் கிழிச்சிர வேண்டியதுதானா?"

"எதுக்கு? ஒரு வரி சேத்தாப் போதும். குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா சண்ட போடணும்."

"அத வறுவல் தின்னுட்டு எழுதுங்க. ஆறிரும்."

எழுதுவது காத்திருந்தது. நெத்திலி காத்திருக்கவில்லை.