ஒன்பது பல்பும் ஒரு மீசையும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகில் இருள் என்பது ஒரு வியாழக்கிழமை மாலை, என் அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்து அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் அக்காவின் கணவர். ஆயுதம், ஒரு சாண்கூட இல்லாத அலுமினியக் குழாய். அதன் முகத்தில் ஒன்பது குட்டிப் பல்புகள். பல்பு என்று சொன்னதற்கே எனக்கு மண்டகப்படி நடந்தது.

"பல்பு இல்ல மாப்ள, டையோடு. பல்புன்னா உள்ள கம்பி இருக்கும், சூடாகும், ஃபியூஸ் போகும். இது எல்.இ.டி. கம்பியும் கிடையாது, கழுதையும் கிடையாது. லட்சம் மணி நேரம் எரியும்."

"பேட்டரி, மாமா?"

"அது தனி."

எல்.இ.டி. டார்ச் அப்போதுதான் கடைகளில் தலைகாட்டியிருந்த சமயம். அதை வைத்திருந்தவர்கள் எல்லோருக்குமே அதைத் தாங்களே கண்டுபிடித்தது போன்ற ஒரு முகக்களை வந்துவிட்டிருந்தது. மாமாவுக்கு அந்தக் களை கொஞ்சம் கூடுதல். உடையாது என்று நிரூபிக்கத் தரையில் போட்டார். எரிந்தது. மறுபடி போட்டார். எரிந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். மாமா டார்ச்சை அவர் முகத்தில் அடித்துக் காட்டினார். பாவம், நல்ல சிவந்த மனிதர், மூன்று நாள் தண்ணீரில் கிடந்தவர் போலத் தெரிந்தார்.

அந்த வெளிச்சத்தின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். நிலாவுக்குக் காமாலைக்கு எதிரான ஏதோ நோய் வந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு நீலம் பூத்த வெள்ளை. பக்கத்தில் அடித்தால் கண் கூசும். பத்தடி தள்ளி நிற்கும் எருமையைக் காட்டச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்ற அளவுக்கு ஒப்புக்கொள்ளும், எருமை என்று உறுதி தராது. சாப்பாட்டுத் தட்டில் அடித்தால் பசி போய்விடும். மாமா இதையெல்லாம் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதுதான் உண்மையான வெளிச்சம். இத்தனை நாள் நாம பார்த்ததெல்லாம் மஞ்சளடிச்ச பொய்" என்றார்.

மாமாவும் நானும் ஒரே குடோனில் வேலை பார்த்தோம். தையல் ஆலைகளுக்கு நூல், பொத்தான், ஜிப் அனுப்பும் குடோன். அவர் ஸ்டோர் கீப்பர், நான் பேக்கிங் மேற்பார்வை. கூம்பாகச் சுற்றிய நூல் கோன்கள் ஷேடு எண் வாரியாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். கறுப்பிலேயே ஏழெட்டுக் கறுப்பு உண்டு. முந்தின வாரம் மின்வெட்டில், சாகக் கிடந்த எமர்ஜென்சி விளக்கை நம்பி, கறுப்புக்குப் பதில் கருஞ்சிவப்பு கோன்களை ஏற்றி அனுப்பிவிட்டோம். தையல் ஆலை அத்தனையையும் ஒரு வசவோடு திருப்பி அனுப்பியது. சரியாக அதே சமயத்தில் குடோன் மேனேஜர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

காலி நாற்காலி. மாமாவுக்கு அதன்மீது பல வருடக் கண். பெரிய முதலாளி இருந்தால் சீனியர் என்று தூக்கிக் கொடுத்திருப்பார். ஆனால் இப்போது அதிகாரம் அவர் மகன் கையில். அந்தச் சின்ன முதலாளி, "புது ஆளா, புது யோசனையா வேணும்" என்று சொல்லியிருந்தார்.

"புது யோசனை என் கையில இருக்கு. எல்லாருக்கும் இதுல ஒண்ணு கொடுத்தா ஷேடு மாறவே மாறாது. திங்கக்கிழமை காலையில சின்னவருக்குக் காட்டப் போறேன். நாற்காலி நமக்குத்தான்" என்றார் மாமா, டார்ச்சைத் தடவியபடி.

"புது ஆளு?" என்றாள் அக்கா. "மீசை பூரா வெள்ளையா இருக்கே?"

அக்கா கிண்டலுக்குத்தான் சொன்னாள். மாமா அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திங்கள்கிழமை விடியுமுன் எழுந்தார். கரண்ட் இல்லை. வேறு யாராக இருந்தாலும் சலித்துக்கொள்வார்கள். மாமாவுக்கோ தன் டார்ச்சுக்காகவே மின்வாரியம் ஏற்பாடு செய்த விழா மாதிரி இருந்திருக்கிறது. ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் டார்ச்சோடு போனார். அலமாரியில் இரண்டு ஹேர் டை பாக்கெட்டுகள். ஒன்று அவருக்கென்று வாங்கிய கறுப்பு. மற்றது கல்லூரிக்குப் போகும் மகள் வைத்திருந்தது.

"அப்பா, கண்ணாடி போட்டுக்குங்க, ஃபிரிட்ஜ் மேல இருக்கு!" என்று மகள் படுக்கையிலிருந்தே கத்தியிருக்கிறாள்.

"இந்த வெளிச்சத்துக்குக் கண்ணாடி எதுக்கும்மா? எறும்போட மீசை தெரியுது!"

எறும்பின் மீசை தெரிந்தது. பாக்கெட்டின் எழுத்து தெரியவில்லை. கையில் வந்ததைக் குழைத்துப் பூசி, அரைமணி காத்திருந்து கழுவிவிட்டுக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னங்கரேல். வாலிபம் திரும்பிய மகிழ்ச்சியில் சமையலறைக்கு வந்தார். அக்கா அங்கே மெழுகுவத்தி வெளிச்சத்தில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கே. சிவப்பாத் தெரியுது."

"மெழுகுவத்தியில எல்லாமே சிவப்பாத்தான் தெரியும். அது மனுஷன் குகையில இருந்தப்போ பார்த்த வெளிச்சம். இப்ப பாரு." தன் முகத்தில் தானே டார்ச் அடித்துக்கொண்டார்.

"ஆமா, இப்ப கறுப்பாத்தான் இருக்கு."

"அதான் சொல்றேன்!"

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னை ஏற்றிக்கொள்ள வந்தார். ஹெல்மெட்டுக்குள் அவர் எந்த நிறத்தில் இருந்தார் என்று பார்க்கும் அளவுக்கு எனக்கு அந்நேரத்தில் மைத்துனப் பாசம் கிடையாது. குடோனிலும் கரண்ட் இல்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய் ஹெல்மெட்டைக் கழற்றியதும், பெரிய ஷட்டரைத் திறக்கக் கூடாது என்று லோடுமேன்களுக்கு உத்தரவு போட்டார். இருட்டு வேண்டுமாம். இருளை ஒழிக்க வந்தவர் இருளுக்குக் காவல் வைத்துவிட்டு, எல்லோரையும் அதற்குள் நிற்க வைத்தார்.

"வெளிச்சம் இன்னைக்கு என்ன காட்டப் போகுதோ" என்று ஒரு லோடுமேன் என் காதருகே முணுமுணுத்தார். வெளிச்சம் என்பது மாமாவுக்குக் குடோனில் அந்த வாரம் புதிதாக வைத்த பெயர்.

சின்ன முதலாளி தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தார். மாமா டார்ச்சைப் போட்டார். அலமாரி, கூரை, எலிப்பொறி, என் செருப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கீழே போட்டுக் காட்டினார். எரிந்தது. லட்சம் மணி நேரக் கதையையும் சொல்லி முடித்தார்.

சின்ன முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதெல்லாம் சரி சார். நிறம் சரியாத் தெரியுமா? நம்ம பிரச்சினையே அதுதானே?"

"பகல்ல என்ன நிறமோ, இதுலயும் அதே நிறம் சார். இம்மி மாறாது."

"எப்படி நம்புறது?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் இரண்டு கோன்களை எடுத்து ஒப்பிட்டுக் காட்டியிருப்பார். மாமா ஒரே ஒரு கோனை எடுத்தார். நல்ல கறுப்பு. அதைத் தன் மூக்குக்குக் கீழே, மீசையோடு ஒட்டினாற்போல் பிடித்து, இரண்டின் மேலும் டார்ச் அடித்தார். வாலிபத்தையும் சேர்த்துக் காட்டிவிடலாம் என்ற ஆசை.

"இந்தக் கோன் கறுப்பு. என் மீசையும் கறுப்பு. ரெண்டும் ஒண்ணாத் தெரியுதா சார்?"

சின்ன முதலாளி குனிந்து பார்த்தார். "ஒண்ணாத்தான் தெரியுது."

"இப்ப பகல்ல பாருங்க. ஏய், ஷட்டரைத் தூக்குப்பா!"

ஷட்டர் கடகடவென்று ஏறியது. கிழக்குப் பார்த்த குடோன். காலை வெயில் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. மாமா கோனை மூக்கடியில் பிடித்தபடி, கண்ணை மூடி, பாராட்டுக்குக் காத்திருந்தார்.

கோன் கறுப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, திராட்சைப் பழத்தை நசுக்கித் தேய்த்தது போல ஒரு சிவப்பு, ஓரங்களில் ஊதா கலந்து, வெயிலில் பளபளத்தது. கறுப்பு ஒரு இழை கிடையாது.

பின்னாலிருந்து அந்த லோடுமேன்தான், "சார், போன வாரம் திரும்பி வந்துச்சே, அந்த ஷேடு" என்றார்.

மாமா கண்ணைத் திறந்தார். எல்லோரும் தன் கண்ணைப் பார்க்காமல் அதற்குக் கொஞ்சம் கீழே பார்ப்பதைக் கண்டார். மெதுவாகக் கோனை இறக்கிவிட்டு, வெளியே நின்ற டெலிவரி வேனின் கண்ணாடியில் போய்ப் பார்த்தார். பிறகு, என்னதான் இருந்தாலும் அவர் என் மாமா அல்லவா, திரும்பி வந்து சொன்னார்:

"வெயில்லதான் சார் ஏதோ கோளாறு."

சின்ன முதலாளி சிரிக்கவில்லை. அதுதான் பெரிய அடி. "டார்ச் வேண்டாம் சார். நாலு ஜன்னல் வெட்டச் சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டு அலுவலகப் பக்கம் போனார்.

மேனேஜர் நாற்காலி, கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவுக்குப் போனது. கெட்டிக்காரர், மீசைப் பிரச்சினையும் இல்லை. மாமா அன்று சாயங்காலமே தன்னுடையதை மழித்துவிட்டு, ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மகள் மட்டும், தன் பாக்கெட்டை வீணாக்கியதற்குப் புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டார்ச் அக்கா வசம் வந்துவிட்டது. அலமாரி இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் போன செருப்பைத் தேடுவதற்கு நன்றாக இருக்கிறது என்கிறாள்.