முப்பத்தொரு ஜாடி

விரஜ்லாலின் நல்ல பெயர் நூறு கிராம் நாற்பது ரூபாய். ஜாம்நகர் பழைய கடைவீதியில் அவருடைய நாட்டு மருந்துக் கடைக்குப் போனால், காகிதத்தில் மடித்தே கொடுத்துவிடுவார். அந்தப் பெயரைத்தான் மருமகள் அல்பா ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறாள் என்று காலையிலிருந்தே வீட்டில் ரகளை.

"ரத்தம் நிக்கலைன்னு ஊருப் பொம்பளைங்க நம்ம கடைக்கு வர்றாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு ஊசி போட ஓடுனா ஊரு எதால சிரிக்கும்?" என்றாள் மாமியார் முக்தாபென், சமையலறை நிலையைத் தாண்டாமல்.

அல்பா பின்கட்டுச் சாமான் அறையின் படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. மற்ற வீடுகளில் மூன்று நாள் ஒதுக்கிவைப்பார்கள். அவளுக்கு ரத்தம் நிற்காமல் இன்று பன்னிரண்டாம் நாள். எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. நகக்கண்கள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

"ஏழு மாசமா உங்க பொடியத்தானே குடிக்கிறேன், மம்மி?"

"பொடியில என்ன குத்தம்? போன தடவ டப்பாவ நீயே தொட்டுட்ட. தீட்டுக் கை பட்டா, ரத்தம் நிறுத்துற லோத்ராப் பட்டையும் வெறும் மரத்தூளு. மறுபடியும் மொதல்லேர்ந்து நாப்பது நாள் குடி."

அந்தக் கடையில் மருந்து தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. குணமானால் மருந்தின் மகிமை. ஆகாவிட்டால் குடித்தவளின் கை. கணவன் நீலேஷ் தராசு முள்ளைப்போல இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கடைக்குள் நழுவினான். முக்தாபென் அரிசி கழுவிய தண்ணீரில் பொடியைக் கலக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து அல்பாவின் தம்ளரில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

முற்றத்தில் ஜீவிபென் பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு இடிக்கிறவள். திடீரென்று உலக்கையைச் சாத்திவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

"என்ன ஜீவிபென், வயித்து வலியா?"

"ரெண்டாம் நாளு. இடுப்பு கழண்டு விழுது."

அல்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் உரலத் தொடுறியே! லோத்ரா இல்லையா அது?"

"லோத்ராதான். அசோகப் பட்டையும் நான்தான், சதாவரியும் நான்தான்." ஜீவி வலியோடு சிரித்தாள். "சேந்த புதுசுல, இன்னிக்கு ஆகாதுன்னு போய்ச் சொன்னேன். 'நான் கேட்டேனா? கேக்காததுக்கு ஏன் பதில் சொல்ற?'ன்னாரு உன் மாமனாரு. நாலு நாள் உரலு சும்மா கெடந்தா யாருக்கு நட்டம்? ஒம்பது வருசம் ஆச்சு. அவரும் கேக்கல, நானும் சொல்லல. எங்க வீட்ல இந்த நாள்ல நான் அடுப்பத் தொட மாட்டேன், சாமி பாத்துரும். இங்க சாமிக்கு லீவு."

அல்பா தம்ளரைக் கீழே வைத்தாள். இதைச் சொல்லிச் சண்டை போடலாம். போட்டால் பொழுது சாய்வதற்குள் ஜீவியின் பிழைப்பு போய்விடும். சொல்லக் கூடாது. அவளுக்கென்று ஒரு கை இருக்கிறதே.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியாகக் கடைக்குள் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. வெளியே காத்திருக்கும் பெண்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. விரஜ்லால் எடைக்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அலமாரியில் முதல் ஜாடியின் மூடியைத் திறந்து, மணிக்கட்டு வரை கையை விட்டாள். பிறகு இரண்டாவது ஜாடி.

"ஏய்! என்ன பண்ற? குளிச்சாச்சா நீ?"

"இல்ல பாபுஜி. இன்னும் போய்ட்டுத்தான் இருக்கு."

தடுக்க வேண்டுமென்றால் அவளைத் தொட வேண்டும். அவர் தொடவில்லை, நீலேஷும் தொடவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். கடைசி வரிசையில் கால் மடங்கி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

முக்தாபென் கங்கைச் செம்போடு ஓடிவந்தாள். "ஐயோ, குடியக் கெடுத்துட்டாளே! தள்ளுங்க, தெளிச்சாச் சரியாயிரும்."

"தெளிச்சாச் சரியாயிரும்னா, என் டப்பாவுக்கு ஏன் ஒரு சொட்டு தெளிக்கல, மம்மி?"

செம்பு அந்தரத்தில் நின்றது.

"பாபுஜி, நீங்க யாவாரி. நான் நேராவே கேக்குறேன். என் கை பட்டா மருந்து சாகும்னா இத்தனையும் கொட்டிருங்க. சாகாதுன்னா, ஏழு மாசமா நான் குடிச்சது நல்ல மருந்து. நல்ல மருந்துக்கும் நிக்கலைன்னா அது வேற நோவு. ஆட்டோ கூப்பிடுங்க."

விரஜ்லால் அலமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். உதடு அசைந்தது. ஜபம் இல்லை, சரக்கு மதிப்பு. வெளியே ஒருத்தி ஷட்டரைத் தட்டினாள்.

"விரஜ்லால் காக்கா, தெறங்க! லோத்ரா எரநூறு வேணும். பொண்ணு நாலு நாளா எந்திரிக்கல."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மகனைப் பார்க்காமலே சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பின்பக்கமா."

"பின்பக்கம் படி இருக்கு. என்னால எறங்க முடியாது," என்றாள் அல்பா.

ஷட்டர் ஏறியது. நீலேஷ், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தீட்டு நாளில், அவள் தோளைத் தாங்கிப் பிடித்தான். பெண்கள் வழிவிட்டார்கள். ஆட்டோவில் சாய்ந்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். விரஜ்லால் ஜாடியிலிருந்து அள்ளித் தராசில் போட்டு, நிறுத்து, மடித்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ண டப்பாவத் தொட விடாதீங்க, பென். தொட்டா வேல செய்யாது."

ஆட்டோ கிளம்பியது. கண்ணை மூடி அல்பா கணக்குப் பார்த்தாள். தொட்டது முப்பத்தொரு ஜாடி. கொட்டியது ஒன்றுமில்லை.