எண் இல்லாத வியாதி

ஏசுபாதத்துக்கு வியாதி என்றால் எண். மாரிகுப்பத்துச் சுரங்க ஆஸ்பத்திரியில் அவர் ரைட்டர். லண்டனில் அச்சடித்த வியாதிப் பட்டியலைப் பார்த்து, நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போடுவது அவர் வேலை. வேதாகமத்தில்கூட அவருக்குச் சில்லறைச் சந்தேகங்கள் உண்டு, பட்டியலில் கிடையாது. அதில் இல்லாத வியாதியோடு ஒருவன் வந்தால், குற்றம் அவனுடையது.

அந்தக் குற்றத்தைச் செய்தவன் தசரதன். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவன். இருமல், காய்ச்சல், மார்பில் சீழ்க்கட்டி. டாக்டர் டக்ளஸ் துரை சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் கால் பாவாமல் நடந்தார். கவடு கவடாய்க் கிளைவிட்ட நூல்களாம். மண்ணிலிருந்து வரும் அபூர்வக் கிருமியாம், க்ஷயம் இல்லவே இல்லையாம். கிளப்பில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்து, கிருமிக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டார்.

தசரதனின் பெண்சாதி ரத்தினம்மா 'க்ஷயம் இல்லை' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். க்ஷயம் என்று பதிவானால் கம்பெனிக் குடிசையைக் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தையையும் நடக்கமாட்டாத புருஷனையும் வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

ஏசுபாதம் பட்டியலைக் கரைத்துக் குடித்தும் அந்தக் கிருமி அகப்படவில்லை. 'இதர வியாதிகள்' என்று ஓர் எண் இருந்தது. அதைப் போட்டால் டாக்டருக்கு வியாதி தெரியவில்லை என்று லண்டன் நினைத்துவிடுமே என்று துரைக்கு உதறல். அட, ஊர் உலகத்துக்குத் தெரியாததைக் கண்டுபிடித்த மேதைக்கு வந்த பயத்தைப் பாருங்கள்! கிட்டத்தட்ட எது பொருந்தும் என்று கேட்டார். க்ஷயம் என்றார் ஏசுபாதம். சரி, அதையே போடும் என்றார் துரை. ஏசுபாதம் அழகாகப் போட்டு, மை உலர ஊதியும் விட்டார்.

மறுநாளே குடிசையைக் காலிபண்ணச் சொல்லி, சுண்ணாம்படிக்க ஆள் வந்துவிட்டான். ரத்தினம்மா ஆஸ்பத்திரிக்கு வெளியே சட்டி பானைக்கு நடுவில் புருஷனை உட்காரவைத்துவிட்டு, குழந்தையோடு ஏசுபாதத்திடம் முறையிட உள்ளே வந்தாள். மார்கழிக் குளிர். அங்கே ஓர் அலமாரிக்குள் கண்ணாடிச் சீசா ஒன்று இருந்தது. பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்தது.

"இன்னா சாமி அது?"

உன் புருஷனைப் பிடித்த கிருமிதான், துரை வளர்க்கிறார், குளிர் பட்டால் செத்துப்போகும் என்று ஏசுபாதம் பெருமையாகவே சொன்னார்.

ரத்தினம்மா விளக்கையே பார்த்தாள்.

"பூச்சிக்கு வூடு குட்த்துக்கீறீங்க. அது குடியிருந்த மனுசன் தெருவுல குந்திகினு கீறாரு."

ஏசுபாதம் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார். விளக்கு மங்கினால் துரை திட்டுவார்.