மேகம் முழுங்கி

உடையப்பன் ஈப்போவில் எதைச் சாப்பிட்டாலும் அதன் வாசனை கந்தர்வக்கோட்டையில் அவன் மனைவி செவந்தியின் அடுப்படியில் எழும்பும். அடுப்பு மூட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவன் சீனர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. அதனால் ஊருக்குத் தெரியாத வாசனைகளாக வந்துகொண்டிருந்தன. என்னவென்று தெரியாமல் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்? 1937இல் விடுப்பில் வந்தவன்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான், பொருளும் சொன்னான். வான்டன் என்றால் மேகத்தை முழுங்குவது. மெல்லிய மாவுக்குள் இறாலை மடித்து வேகவைப்பது. யூ சார் குவே என்றால் எண்ணெயில் பொரித்த பேய். டிம் சம் என்பது தனிப் பலகாரம் இல்லை, சின்னச் சின்னப் பலகாரங்களுக்கெல்லாம் பொதுப்பெயர், மனசைத் தொடுவது என்று பொருள். அவன் கப்பல் ஏறிய பிறகு, பக்கத்து வீட்டு மூக்காயி பேய் பொரியும் காலைகளில் மட்டும் வாசலில் வேப்பிலை செருகினாள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் மேகமும் பேயும் நின்று மரவள்ளிக்கிழங்கு வாசனை வந்தது. பிறகு தண்ணீர்க் கஞ்சி. சயாமில் ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று பேசிக்கொண்ட நாளில் அதுவும் நின்றது. வாசனை நின்றால் ஆள் இல்லை என்று ஊர் முடிவு கட்டியது. தம்பி ரத்தினவேல் கெட்டவன் அல்ல, அண்ணன் ஆவி அந்நிய மண்ணில் பட்டினி கிடக்கக் கூடாதே என்று கருமாதிக்கு நாள் குறித்தான். அன்று செவந்தியின் தாலியையும் கழற்ற வேண்டும். அவள் அழவில்லை.

"தம்பி, மொதல்ல அவரு சாப்புடட்டும். தாலிய அப்பறம் பாக்கலாம்," என்றாள்.

படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதான் வழக்கம். அவள் கண்ணால் பார்த்திராத பண்டங்களைப் பெயரை வைத்தே செய்தாள். அரிசி மாவை மேகம்போல் மெல்லிசாகத் தட்டி, கட்டுமாவடிச் சென்னாக்குன்னியை, அந்தப் பொடி இறால் கருவாட்டை, உள்ளே வைத்து மடித்து அவித்தாள். கோதுமை மாவை முறுக்கி எண்ணெயில் பொரித்தாள். மனசைத் தொடுவதற்கு முந்திரிக் கொழுக்கட்டை. அவன் மனசு அவளுக்குத் தெரியாதா? இலையில் வைத்து ஒவ்வொன்றின் பெயரையும் பொருளையும் உரக்கச் சொன்னாள். பலகாரங்களின் ஆவி மேலே எழாமல் கிழக்கே சாய்ந்து, கண்மாய்க் கரையைத் தாண்டிப் போயிற்று. காக்கை வந்து பார்த்துவிட்டு, கொத்தாமல் போய்விட்டது. இலையில் இருந்ததை எடுத்துத் தின்றவர்களுக்கு மண்ணைத் தின்றதுபோல் இருந்தது, ருசியும் இல்லை, மணமும் இல்லை. தாலி கழற்ற வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அவள் இலை போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

1946இல் உடையப்பன் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"எல்லாம் வந்துச்சு செவந்தி. அதத் தின்னுதான் கெடந்தேன். மேகத்துலதான் உப்பே இல்ல."

"படையலாச்சே, நான் ருசி பாக்கலாமா?" என்றாள் அவள்.

தன்னைச் செத்தவன் என்று ஊர் முடிவு கட்டியது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தான். அவள் எழுந்து போய் மாவைப் பிசைந்து, ஒன்றை அவித்து, வாயில் போட்டு ருசி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்புச் சேர்த்தாள்.