எவர்சில்வர் செம்பு

1

டில்லியில் ஓர் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வாய் வெச்சுக் குடிச்சிருந்தா துப்பியிருப்பாருங்க." சொன்னவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

‘எண்பத்திரண்டு மே மாதம், சரோஜினி நகரில் வெயில் மண்டையைப் பிளந்து...’

(வெயிலில் ஆரம்பிக்காத டில்லிக் கதை உண்டா? அடித்துவிட்டேன்.)

2

பூவராகவன் மத்திய சர்க்கார் குமாஸ்தா. ஆபீஸ் நேரம் போக, கார் எஞ்சினின் அலுமினிய மூடிகளை வீட்டில் வைத்துப் பளபளப்பாக்குவான். கரோல் பாக்கில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒருவர் கொடுத்தனுப்புவார். பிசுக்கேறி வரும் சாமானைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கி உடனே எடுத்துக் கழுவி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாளில் முடித்து, பாலிஷ் தடவிப் பழைய பனியனால் தேய்த்தால், வெள்ளிப் பாத்திரம் பிச்சை வாங்கவேண்டும். அவன் கை மட்டும் கரிச்சட்டியாக இருக்கும்.

அவன் மனைவி இந்திராணிக்கு இது அறவே பிடிக்கவில்லை. (அவளை வாயில்லாப் பூச்சியாக எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துவரவில்லை.) அன்று காலையும் சண்டை.

"சோத்துலகூட அந்த நாத்தம்தான் அடிக்குது. பேசாம அந்தச் சோடாவையே கரைச்சுக் குடிச்சிட்டுப் படுங்க!"

மாடி வீட்டு அம்சவேணி இதைக் கேட்டாள். அந்த வரிசையிலேயே தமிழ் புரிந்தவள் அவள் ஒருத்திதான்.*

* பஞ்சாபிக்காரி யாராவது கேட்டிருந்தால் இந்தக் கதை பிழைத்திருக்கும். பாழாய்ப்போன தமிழ்!

3

அந்தக் கரைசலை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரத்தையே அரித்துவிடும். பிளாஸ்டிக் மக்கில் விரிசல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், பூவராகவன் புதிதாகக் கரைத்ததில் மிச்சத்தைக் குடிக்கிற எவர்சில்வர் செம்பில் ஊற்றிப் பின்வராந்தாவில் வைத்துவிட்டுப் போனான். சண்டைக் கோபம், அவளிடம் சொல்லவில்லை.

குடிக்கிற செம்பு வெளியே கிடக்கிறதே என்று இந்திராணி அதைத் தூக்கி வந்து சமையல் மேடையில் வைத்தாள். பார்வைக்குத் தண்ணீர். மே மாதத்து டில்லியில் தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கு மனம் வரும்?

சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நாக்கு வறண்டு வந்து, செம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். ஆபீஸ் சகவாசத்தில் வாய் வைத்துக் குடிக்கப் பழகியிருந்தவனை, "வூட்ல எச்சி பண்ணாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் திருத்தியவள் அவள்தான். உதட்டில் பட்டிருந்தால் சுட்டிருக்கும், துப்பியிருப்பான். உதட்டைத் தொடாமல் நேரே தொண்டைக்குள் இறங்கியது.

அவள் ஓடி வந்து பார்த்தபோது அவன்

(இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

அவள் செம்பைத் தொடாமல் விட்டதாகவும் எழுதிப் பார்த்தேன். இருவரும் சாப்பிட்டார்கள், சண்டையை மறந்தார்கள், தூங்கினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடையில் அந்த வாக்கியத்தைச் சொன்னவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? கிழித்துப் போட்டேன்.

5

பூவராகவன் பிழைத்துக்கொண்டான். வயிற்றில் குழாய், பேச்சு இல்லை. விஷ கேஸ் என்று போலீஸ் வந்தது. அம்சவேணி காலையில் கேட்டதை அப்படியே இந்தியில் சொல்லிவிட்டாள். கெட்டவள் அல்ல, கேட்டார்கள், சொன்னாள். இனி இந்திராணி வீட்டுக்குப் போவதும் ஜெயிலுக்குப் போவதும் அவன் தலையசைப்பில் இருந்தது.

போலீஸ்காரர் கட்டிலருகே குனிந்தார். "பாயி சாஹப், பீவி நே ஜான்பூஜ்கர் ரக்கா தா?" தெரிந்தேதான் உன் பெண்டாட்டி வைத்தாளா?

கால்மாட்டில் நின்ற இந்திராணி, "தண்ணின்னுதாங்க நெனச்சேன். சத்தியமாத் தெரியாதுங்க" என்றாள். போலீஸ்காரரிடம் அல்ல, அவனிடம்.

இல்லை என்று அவன் தலையாட்டியதாக நீங்கள் முடித்துக்கொள்ளலாம். ஆமாம் என்றும் முடிக்கலாம். உங்கள் இஷ்டம், நான் தலையிடமாட்டேன். ஆனால் அதற்கு முன், அவள் முகத்தைப் பார்த்தபடியே அவன் கொஞ்சம் யோசித்தான். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு எழுத எவ்வளவோ முயன்றேன்.

முடியவில்லை. இந்திராணி அதைப் பார்த்துவிட்டாள்.