வெளிக்குழாய்

வெந்நீர்த் தொட்டியின் திருகு கழன்று கையோடு வந்ததும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு லோர்னாவின் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. சரளைக்கல்லில் மண்டியிட்டபடியே கொஞ்சம் ஒதுங்கி, அது வடிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு வருஷமாக இந்த வேலையைச் செய்தவன் அவள் கணவன் ஆர்னி. ஏரிக்கரையில் போய்த் தங்கும் கேம்பர் வண்டியைப் பனிக்காலத்துக்கு மூடிவைக்கும் நாளில் அவள் பங்கு உள்ளே மட்டும்தான். அலமாரியில் மிஞ்சிய டப்பாக்களை எடுப்பாள். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இடுக்கில் ஒரு துண்டைச் சொருகுவாள். எலி வராமல் ஓட்டைகளில் கம்பிநாரை அடைப்பாள். குழாயும் தண்ணீரும் ஆர்னியின் பாடு.

ஆர்னி இப்போது வீட்டின் முன்னறையில், ஆஸ்பத்திரிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட கட்டிலில் படுத்திருந்தான். ஈரலில் தொடங்கியது எலும்புக்கும் பரவியிருந்தது. ஆகஸ்டில் டாக்டர் கையை விரித்த அன்று, திரும்பி வரும்போது காரில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். இலை உதிர்ந்ததும் ஒரு தடவை ஏரிக்குப் போய் வரலாம், அதுவரை கேம்பரில் தண்ணீரை வடித்துவிடாதே என்றான். சரி என்று சொல்லிவிட்டாள்.

இலை உதிர்ந்து மூன்று வாரமாகிவிட்டது. அவனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. ஏரியைப் பற்றி இருவரும் பேசவில்லை. குளிர் அதிகமான ராத்திரிகளில் குழாய் உறைந்துவிடாதபடி கேம்பரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். நேற்றோடு கேஸ் தீர்ந்துபோனது. அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை வாரமாதலால் கடை மூடியிருந்தது. இன்று ராத்திரி மைனஸ் ஒன்பது என்று காலை ரேடியோவில் சொன்னார்கள்.

மிச்சமிருந்தது கம்ப்ரசர். குழாய்களுக்குள் தங்கியிருக்கும் தண்ணீரைக் காற்றால் ஊதித் தள்ளினால்தான், அதன்பின் ஊற்றும், குளிரில் உறையாத ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் கடைசிவரை போய்ச் சேரும். கம்ப்ரசரைப் போட்டால் தெருவுக்கே கேட்கும். அந்தச் சத்தம் எதற்கென்று ஆர்னிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு அவனுடைய அக்கா ஸ்டெய்னா வந்தாள். ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறாள். லோர்னாவின் நனைந்த சட்டையையும் கீழே கிடந்த காற்றுக்குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூங்குறானா?" என்று கேட்டாள் லோர்னா.

"கண்ணை மூடியிருக்கான். அதை நம்பாதே. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன். கடைசி சீட்டுல எவன் கெட்ட வார்த்தை பேசினாலும் கேட்ட காது."

"அப்போ என்ன பண்ணச் சொல்றே?"

"நாளைக்குப் போடேன்."

"நாளைக்கு எல்லாக் குழாயும் வெடிச்சிருக்கும்."

வெடித்தால் வெடிக்கட்டும், இனி யார் போகப் போகிறார்கள் என்று ஸ்டெய்னா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லோர்னா காற்றுக்குழாயை எடுத்து வண்டியின் தண்ணீர்க் குழாயில் மாட்டினாள். பிறகு சுவிட்சைத் தட்டினாள். சமையல் மேடைக் குழாய், முகம் கழுவும் குழாய், குளிக்கும் குழாய், கழிவறை என்று ஒவ்வொன்றாய்த் திறந்தாள். தண்ணீர் துப்பி, இருமி, கடைசியில் வெறும் காற்றாய் வந்தது. பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். நிறுத்தியதும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஆர்னி விழித்திருந்தான். கம்பளிக்கு மேலே கிடந்த கை மஞ்சளாக, மெலிந்து, யாரோ ஒருவருடையதைப் போல இருந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு பொய்யை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். டயருக்குக் காற்று அடித்தேன் என்று சொல்லலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"வெளியே இருக்கிற ஷவரைத் திறந்தியா?"

கேம்பரின் பக்கவாட்டில், சிறிய கதவுக்குப் பின்னால், கால் மணலைக் கழுவுவதற்கென்று ஒரு குழாய் உண்டு. அவளுக்கு அந்த நினைவே வரவில்லை.

"இல்லை."

"எல்லாரும் அதைத்தான் மறப்பாங்க." மூச்சு வாங்க நிறுத்தினான். "ரெண்டு திருகு. சூடு, பச்சைத்தண்ணி. ரெண்டையும் திறக்கணும்."

"ஆர்னி, ஏரிக்கு நாம..."

"தெரியும்." அவன் விரல் அவள் ஈரச் சட்டைக்கையைத் தொட்டது. "நீ நனைஞ்சிருக்கே. போய் முடிச்சிட்டு வா. ரோஸ் வர்ற வரைக்கும் மூடிடாதே."

அவன் மறுபடி கண்ணை மூடியதும் எழுந்து போனாள்.

கம்ப்ரசரை மறுபடி ஓட்டினாள். வெளிக்குழாயில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் இருந்தது; துள்ளி வெளியே வந்து மண்ணில் விழுந்தது. பிறகு பம்பைப் போட்டு, ஆன்டிஃப்ரீஸ் கேனில் குழாயை விட்டு, உள்ளே ஒவ்வொன்றாய் ரோஸ் வரும்வரை பார்த்து மூடினாள். கடைசியாக வெளியே வந்து சூட்டுத் திருகைத் திறந்தாள். நிறமில்லாமல் கொஞ்சம், வெளுப்பாகக் கொஞ்சம், அப்புறம் நல்ல ரோஸாக வந்தது. அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். அதிலும் வந்தது. அவசரமில்லாமல், அவன் சொன்னபடி செய்தாள்.

நிமிர்ந்தபோது பின்வாசல் படியில் ஸ்டெய்னா நின்றுகொண்டிருந்தாள். கோட்டு போடவில்லை. காலில் வெறும் சாக்ஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

லோர்னா பம்பை அணைத்தாள். ஸ்டெய்னா கதவைத் திறந்து பிடிக்க, உள்ளே போனாள்.

கட்டிலருகே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டபோது அதில் இன்னும் சூடு இருந்தது. ஸ்டெய்னா அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"ரோஸ் வந்துச்சான்னு என்னைக் கேட்டான்" என்றாள். "வந்துடுச்சுன்னு சொன்னேன். எனக்கு எங்கே தெரியும்."

"வந்துடுச்சு" என்றாள் லோர்னா.

நர்ஸ் வந்து உயிர் பிரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போனாள். பொழுது சாயும்போது சவ அடக்கக்காரர்கள் இருவர் வந்தார்கள். வாசலில் மறக்காமல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். கேல்கரி நகரத்தில் இருக்கும் அவர்கள் மகள் போனில், காரில் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பண்டிகைக்குச் சமைத்த வான்கோழியில் பாதியைத் தாள் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். லோர்னா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

காலையில் புல்லெல்லாம் வெளுத்து மொறமொறவென்றிருந்தது. கேம்பரின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது மட்டும் பாக்கி. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனவள், என்னவோ தோன்றிக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள்.

ஏரிக்கரையில் இப்படிக் குளிரும் காலைகளில் ஜன்னல் கண்ணாடி உட்பக்கம்தான் நனைந்திருக்கும். ராத்திரி முழுக்க இருவர் விட்ட மூச்சும் அதில் படிந்து, துளியாகி, சட்டத்தில் வடிந்து நிற்கும். ஆர்னி சட்டைக்கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்ப்பான்.

இன்று பனி வெளிப்பக்கம் அப்பியிருந்தது. லோர்னா கையுறையைக் கழற்றி, கண்ணாடியின் உட்பக்கத்தை விரலால் தொட்டாள். காய்ந்திருந்தது.